சனிவார் வாடாவில் அலறியது யார்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புனே நகரின் சனிவார் வாடா கோட்டைக்குள் பௌர்ணமி இரவுகளில் ஒரு சிறுவனின் அலறல் கேட்கும் என்று அங்கே ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அடித்துச் சொன்னார். இதற்கு வரலாற்றில் ஏதேனும் அடிப்படை உண்டா? (மதுரை வாசகி)

பதில்: அலறலுக்குச் சான்று கிடையாது, அலறியதாகச் சொல்லப்படுபவருக்கு நிரம்பவே உண்டு. அவர் சிறுவரும் அல்லர். மராட்டியப் பேரரசின் ஆட்சிப் பொறுப்பைக் கையில் வைத்திருந்த பேஷ்வா நாராயணராவ் கொல்லப்பட்டபோது அவருக்கு 18 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. அண்ணன் மாதவராவ் காசநோயால் 1772இல் இறந்ததை அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் அவர். தந்தையின் தம்பியான ரகுநாதராவ் அந்தப் பதவியின்மீது நெடுநாளாகக் கண் வைத்திருந்தார். அதன் காரணமாகவே வாடாவுக்குள் காவலில் வைக்கப்பட்டும் இருந்தார்.

1773 ஆகஸ்ட் 30 அன்று, விநாயகர் விழாவையொட்டி நகரமே கோலாகலத்தில் இருந்த வேளையில், கார்டிகள் எனப்பட்ட கூலிப்படைக் காவலர்கள் சம்பளப் பாக்கியைக் கேட்பது போல அரண்மனைக்குள் நுழைந்தனர். உயிருக்கு அஞ்சிய இளைஞர் அறை அறையாக ஓடிச் சித்தப்பாவின் இருப்பிடத்தை அடைந்து, 'காகா, மலா வாச்சவா' (சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்) என்று கதறியபடி அவரைக் கட்டிக்கொண்டதாகவும், அங்கேயே வெட்டப்பட்டதாகவும் மராட்டிய மரபு கூறுகிறது. பௌர்ணமி இரவில் கேட்பதாக உங்கள் ஓட்டுநர் சொன்னது இந்த மூன்று சொற்களைத்தான். சிலர் அமாவாசை என்பார்கள். நாள் விஷயத்தில் புனேக்காரர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை.

இதே வாடாவில் இன்னொரு இளம் பேஷ்வாவும் மாண்டார் என்பதைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. நாராயணராவ் இறந்தபின் பிறந்து, 40 நாள் குழந்தையாகப் பட்டம் சூட்டப்பட்ட அவருடைய மகன் சவாய் மாதவராவ், 1795 அக்டோபரில் மாடியிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அது தற்கொலையா, காய்ச்சல் மயக்கத்தில் நேர்ந்த விபத்தா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வயதிலும் துயரத்திலும் தந்தைக்குக் குறையாத இந்த மரணத்தை ஒட்டி அத்தனை புகழ்பெற்ற பேய்க்கதை எழவில்லை. காரணம், அதில் கைகாட்டிக் குற்றம் சொல்ல ஓர் ஆள் இல்லை என்பதே என் கருத்து.

கேள்வி: ரகுநாதராவ் காவலர்களுக்கு 'நாராயணராவைப் பிடிக்கவும்' என்றே எழுதினார், அவர் மனைவி ஆனந்திபாய்தான் ஓர் எழுத்தைத் திருத்திக் 'கொல்லவும்' என்று ஆக்கினார் என்கிறார்களே, உண்மையா? குற்றவாளிகள் தண்டனை பெற்றார்களா? (கோவை வாசகர்)

பதில்: எழுத்துத் திருத்தம் வழிவழியாக வரும் கதை, மிகவும் பரவிய கதை. ஆண்கள் நடத்திய பதவிச் சண்டையில் கொலைப்பழியை மட்டும் ஒரு பெண்ணின் விரல் நுனியில் ஏற்றிவிடுவது நம் நாட்டுக் கதைகளுக்கு எளிதாகக் கைவருகிறது. ஆனால் பேஷ்வா அரசின் தலைமை நீதிபதியாக இருந்த ராமசாஸ்திரி பிரபுணே குற்றவாளியென்று கண்டது ரகுநாதராவையே. கொலைக்குப் பின் பேஷ்வாவாக அமர்ந்திருந்த ரகுநாதராவின் முகத்துக்கு நேரே, இதற்குப் பிராயச்சித்தம் உங்கள் உயிர்தான் என்று தீர்ப்புரைத்துவிட்டு அவர் பதவியைத் துறந்தார் என்பது மராட்டியர் இன்றும் பெருமையுடன் சொல்லும் செய்தி.

தீர்ப்பு நிறைவேறவில்லை. நானா பட்நவிஸ் முதலிய அமைச்சர்கள் ஒன்றுகூடி ரகுநாதராவைப் பதவியிலிருந்து இறக்கினர். அவரோ ஆங்கிலேயரிடம் ஓடி, 1775 மார்ச்சில் சூரத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார். முதல் ஆங்கிலேய–மராட்டியப் போர் அதிலிருந்தே மூண்டு, 1782இல் சால்பாய் உடன்படிக்கையோடு முடிந்தது. சதியில் ஈடுபட்ட காவலர்கள் சிலர் பின்னர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைமைக் குற்றவாளிக்கோ உதவித்தொகை கிடைத்தது. அவருடைய மகன் இரண்டாம் பாஜிராவ் கடைசிப் பேஷ்வாவாக அமர்ந்து, 1818இல் அரசையே ஆங்கிலேயரிடம் இழந்தார். ஒரு கொலையின் விளைவு இவ்வளவு தூரம் நீண்டபோது, கொலையுண்டவரின் குரல் ஓயவில்லை என்று ஊரார் சொன்னதில் வியப்பில்லை.

கேள்வி: இத்தகைய கதைகள் நம் நாட்டில்தான் மிகுதியா? அறிவியலார் எவரேனும் நேரில் சோதித்திருக்கிறார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக் கதை நாராயணராவின் கதைக்கு உடன்பிறப்பு போன்றது. எட்டாம் ஹென்றியின் ஐந்தாம் மனைவி கேத்தரின் ஹோவர்ட், நடத்தைக் குற்றச்சாட்டில் சிக்கியபோது, காவலர்களிடமிருந்து விடுபட்டு, வழிபாட்டில் இருந்த கணவனிடம் உயிர்ப்பிச்சை கேட்க நீண்ட நடைகூடம் வழியே கதறிக்கொண்டு ஓடினாள் என்றும், இழுத்துச் செல்லப்பட்டாள் என்றும் கதை. 1542 பிப்ரவரி 13 அன்று லண்டன் கோபுரக் கோட்டையில் அவள் தலை வெட்டப்பட்டது. வரலாற்றாசிரியர் பலர் அந்த ஓட்டத்தை ஐயுற்றாலும், அந்த நடைகூடத்துக்கு இன்றும் பேய் நடமாடும் கூடம் என்றே பெயர்.

உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் அவருடைய குழுவினரும் அந்த அரண்மனையில் 600க்கும் மேற்பட்ட பார்வையாளர்களை நடக்கவிட்டு, எங்கே என்ன உணர்ந்தார்கள் என்று குறித்து வாங்கி, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேய் நடமாடும் இடம் எனப் பேர்பெற்ற பகுதிகளிலேயே சில்லிப்பும் யாரோ உடனிருக்கும் உணர்வும் மிகுதியாக வந்தன. அந்தப் பேச்சை முன்பே அறியாதவர்களுக்கும் அப்படியே. ஆகவே எல்லாமே கேட்ட கதையின் மயக்கம் என்று தள்ளிவிட முடியாது. பழைய கதவு இடுக்குகளின் காற்று, வெளிச்ச வேறுபாடு போன்ற சூழல் காரணங்களை ஆய்வாளர்கள் சுட்டினார்கள். அச்சம் உண்மை, அதன் காரணம்தான் வேறு.

கேள்வி: ராஜஸ்தானின் பாங்கர் கோட்டையில் இரவு நுழையக்கூடாது என்று அரசே பலகை வைத்திருக்கிறதே! (சேலம் வாசகர்)

பதில்: இந்தியத் தொல்லியல் துறையின் பலகை சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும் நுழைவதைத் தடை செய்கிறது; பேயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அத்துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் பெரும்பாலானவை பகலில் மட்டுமே திறந்திருப்பவை. மேலும், சரிஸ்கா காட்டை ஒட்டிய இடம் அது. இருட்டில் அங்கே அஞ்சத்தக்கவை நான்கு காலில் வரும்.

ஆமேர் மன்னர் பகவந்த் தாஸ் 1573இல் எழுப்பிய அவ்வூர், அக்பரின் தளபதி மான்சிங்கின் தம்பி மாதோ சிங்கின் தலைநகராக விளங்கியது. இளவரசி ரத்னாவதியை அடைய மந்திரம் வைத்த எண்ணெய், பாறையாக மாறி மந்திரவாதியையே நசுக்கியது என்றும், சாகும்போது அவன் இட்ட சாபத்தால் ஊர் அழிந்தது என்றும் ஒரு கதை. மாளிகையின் நிழல் தன் குடிசைமேல் விழுந்ததால் பாலுநாத் என்னும் துறவி சபித்தார் என்பது மற்றொன்று. ஒரே அழிவுக்கு இரண்டு சாபங்கள் இருப்பதே, உண்மைக் காரணத்தை ஊர் மறந்துவிட்டதைக் காட்டுகிறது. அரசுரிமைச் சண்டைகளில் தளர்ந்துபோன ஊரை 1783ஆம் ஆண்டுப் பஞ்சம் முற்றிலும் காலியாக்கிவிட்டது.

கேள்வி: சனிவார் வாடாவில் இன்று என்ன எஞ்சியிருக்கிறது? (மதுரை வாசகி)

பதில்: 1828 பிப்ரவரியில் மூண்ட தீ ஏழு நாள் எரிந்து மாடங்களை எல்லாம் விழுங்கிவிட்டது. மதில், அடித்தளங்கள், ஆயிரம் தாரை நீரூற்று, யானை முட்டாதபடி இரும்புக் கூர்முனைகள் பதித்த தில்லி வாசல் ஆகியவற்றைக் காணலாம். நாராயணராவின் உடலை வெளியே கொண்டுபோனதாகச் சொல்லப்படும் வாசல் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெரும்பாலோர் தில்லி வாசலோடு திரும்பிவிடுவதால், நாராயணராவின் வாசலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பார்த்து வாருங்கள்.