உப்பிலே நிற்கும் மரம் எப்படிச் சமைக்கிறது?

கேள்வி: ஐயா, பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் பக்கம் ஆற்று முகத்தில் அப்பி-அப்பி மர இலையைத் தொட்டேன். விரலில் உப்பு ஒட்டியது. இவ்வளவு உப்பில் அது எப்படி உணவு தயாரிக்கிறது? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: தொட்டுப் பார்த்தீர்களே அம்மா, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களை அங்கே கூட்டிப்போனால், முதலில் அந்த இலையைத்தான் நக்கிப் பார்க்கச் சொல்வேன்.

அப்பி-அப்பி நம் வெண்கண்டல் இனம்; கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களில் ஒன்று. இலையிலுள்ள சுரப்பிகள் உப்பை வெளியே தள்ளும். வெயிலில் நீர் காய்ந்ததும் மாவு தூவியது போலப் படியும். பக்கத்தில் நிற்கும் பாக்காவ், அதாவது சுரபுன்னை, வேரிலேயே பெரும்பகுதியை வடிகட்டிவிடும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதிலிருந்து நீரை உறிஞ்சுவது பெரும்பாடு. சரி, கிடைத்த நீரை மிச்சம்பிடிக்க மரம் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தானே? ஒளிச்சேர்க்கை குறைந்துபோகும். வெயில் மட்டும் குறையாது. பயன்படாத ஒளி இலையைப் பாழாக்கும். மரம் அதை வெப்பமாகக் கழித்தாக வேண்டும். சுரபுன்னையின் உச்சி இலைகள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால் நடுப்பகல் வெயிலை நேராக வாங்குவதில்லை. மதியம் போய் அண்ணாந்து பாருங்கள்.

அப்புறம், இந்த மரங்களுக்கு உப்பு பிடிக்கும் என்று பலரும் சொல்வது தவறு. பெரும்பாலானவை நன்னீர் கலந்த இடத்தில்தான் செழிக்கும். உப்பு ஏற ஏற மரம் குட்டையாகும். மேலே ஆற்றை மறிக்கிறார்கள் என்று கேட்டாலே எனக்கு வயிறு கலங்குவது அதனால்தான்.