கண்ணாடிக் கதவை டிராயிங்கில் காட்ட 8,000 ரூபாய் எதற்கு?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "ரசாயனம் அளந்து விடும் பெட்டி செய்கிறோம். முன்கதவு தெளிவான அக்ரிலிக். உள்ளே இருக்கும் மிதவையும் வால்வும் வெளியிலிருந்தே தெரிய வேண்டும். டிராயிங் போடும் ஆட்டோகேட் சாஃப்ட்வேரில் கதவுக்கு நீல நிறத்தை நிரப்பி, 60 டிரான்ஸ்பரன்ஸி (ஊடுருவித் தெரியும் அளவு) கொடுத்தேன். திரையில் நன்றாக இருந்தது. பி.டி.எஃப்.பில் கதவு எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. டிராயிங் போட்டுத் தரும் ஏஜென்ட், புது வெர்ஷன் வாங்க வேண்டும் அல்லது 3டி ரெண்டரிங் (நிஜப் பொருள் போலத் தெரியும் கலர் படம்) செய்ய வேண்டும், அதற்கு 8,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். டிரான்ஸ்பரன்ஸி 2011 வெர்ஷனிலேயே ஆட்டோகேடில் வந்துவிட்டது. பிளாட் (பிரின்ட் அல்லது பி.டி.எஃப்.) செய்யும்போது திரையில் திறக்கும் பெட்டியில் 'பிளாட் டிரான்ஸ்பரன்ஸி' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அது முதலிலேயே அணைந்த நிலையில்தான் வரும். அதை டிக் செய்தால் பி.டி.எஃப்.பிலும் கதவு ஊடுருவித் தெரியும். இந்த ஒரு டிக்குக்கு எட்டாயிரம் கேட்பவரிடம் அடுத்த வேலையையும் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கட்டத்தை டிக் செய்யச் சொல்லவும் எனக்கு மனமில்லை. டிக் செய்தால் கோடுகள் கோடுகளாக இல்லாமல் படமாக மாறிவிடும். ஃபைல் கனக்கும், பெரிதாக்கினால் மங்கும். அதைவிட முக்கியம், உங்களுக்கு அது தேவையே இல்லை. இன்ஜினியரிங் டிராயிங்குக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 128 விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, ஊடுருவித் தெரியும் பொருளை, தெரியாத பொருளைப் போலவே வரைய வேண்டும். அதாவது கதவின் தனி டிராயிங்கில் கதவு மட்டும்தான் இருக்கும். இரும்புத் தகட்டுக்கு எப்படி வரைவீர்களோ அப்படியே: சுற்றுக்கோடு, துளைகள், அளவுகள். நிறமும் வேண்டாம், நிழலும் வேண்டாம். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்து வரும் பையன்களுக்குக்கூட இந்த ஒரு வரியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கையால் ஐசோமெட்ரிக் (மூன்று பக்கமும் தெரியும் சாய்வுப் படம்) போட வைத்தே செமஸ்டரை ஓட்டிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்கள் வேலை அதில்தான் வருகிறது. எல்லாப் பாகமும் பொருத்தப்பட்ட அசெம்பிளி டிராயிங்கில், தெளிவான பாகத்துக்குப் பின்னால் இருப்பதைக் கண்ணுக்குத் தெரிவது போலவே வரையலாம். மிதவையையும் வால்வையும் முழுக்கோட்டில் போடுங்கள், மறைந்த பாகத்தைக் காட்டும் விட்டுவிட்டு வரும் கோடு (ஹிட்டன் லைன்) வேண்டாம். அதைப் போட்டால், கதவு இரும்பு என்றே படிப்பவர் நினைப்பார். கதவுக்குச் சுற்றுக்கோடும் பாக எண்ணும் போதும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் வரையத் தேவையில்லை. பெட்டியை இயக்குபவர் வெளியிலிருந்து எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் வரையுங்கள். இந்தச் சலுகை அசெம்பிளி டிராயிங்குக்கு மட்டும்தான். மறுபடியும் சொல்கிறேன், கதவின் தனி டிராயிங்குக்குள் மிதவை நுழையவே கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வந்த ஒருவர் அசெம்பிளி டிராயிங்கின் டி.எக்ஸ்.எஃப். ஃபைலையே (வெட்டும் மெஷின் படிக்கும் கோட்டு ஃபைல்) லேசர் கட்டிங்குக்கு அனுப்பிவிட்டார். எல்லாக் கோடும் ஒரே லேயரில் (அடுக்கில்) இருந்தன. லேசருக்கு எது கதவு, எது மிதவை என்று தெரியுமா? கோடு இருந்த இடமெல்லாம் வெட்டியது. ஷீட் வீணானதுதான் மிச்சம். கதவுக்குத் தனி ஃபைல், அதில் வெட்ட வேண்டிய கோடு மட்டும். ஃபைபர் லேசர் வைத்திருப்பவரிடம் கொடுக்காதீர்கள். தெளிவான அக்ரிலிக்கில் அந்த ஒளி ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. சிஓ2 லேசர்தான் வேண்டும்.

அடுத்த வலை 'கிளியர் ஷீட்' என்ற சொல். பொருளின் பெயர் எழுதாமல் டிராயிங் போனால், சப்ளை செய்பவர் மலிவான பாலிஸ்டைரீனைத் தள்ளிவிடுவார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஸ்க்ரூ முறுக்கும்போது விரிசல் விடும். பாலிகார்பனேட்டும் வேறு பொருள்தான். அடியைத் தாங்கும், ஆனால் லேசரில் வெட்டினால் ஓரம் பழுப்பேறிவிடும். உள்ளே ஆல்கஹால் போன்ற கரைப்பான் இருந்தால் அக்ரிலிக்கில் மயிர்க்கோடு விரிசல் விழும். என்ன ரசாயனம் என்று நீங்கள் எழுதவில்லை. ஷீட் வாங்கும் முன் சப்ளை செய்பவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், "கண்ணாடி கண்ணாடி மாதிரி இல்லை" என்று வாடிக்கையாளர் ஆபீஸில் டிராயிங்கைத் திருப்பி அனுப்புவார்கள். கலர் படம்தான் டிராயிங் என்று நினைப்பவர்கள் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்தால் நாம் என்ன செய்வது? அதற்காக மறுபடி நீலம் அடிக்காதீர்கள். அசெம்பிளி ஷீட்டின் குறிப்புப் பகுதியில் இரண்டு வரி சேருங்கள்: "பாகம் 3, முன்கதவு: தெளிவான அக்ரிலிக், 5 மி.மீ. கதவுக்குப் பின்னுள்ள பாகங்கள் ஐ.எஸ்.ஓ. 128 விதிப்படி முழுக்கோட்டில் காட்டப்பட்டுள்ளன." பாக எண்ணையும் தடிமனையும் மட்டும் உங்கள் கதவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.