வெயிலில் அரை மராத்தான்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் நாங்கள் மூவர், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை ஓட்டத்தைத் தொடங்கி, இப்போது ஞாயிறுதோறும் அழகர்கோவில் சாலையில் நீண்ட தூரம் ஓடுகிறோம். வைகாசி பிறப்பதற்குள் அரை மராத்தான் தொலைவை ஒருமுறை ஓடி முடிக்க ஆசை. சென்ற வாரம் எங்களில் மூத்தவருக்கு வெயிலிலேயே உடல் புல்லரித்து, தலை சுற்றியதால் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். தண்ணீர் நிறையவே குடித்திருந்தார். வேகமாக ஓடும் நண்பரோ, நின்றால் வெயில் பழகாது என்கிறார். எது சரி?
– ஒரு வாசகர், புதூர், மதுரை

பதில்: நின்றதுதான் சரி. கொளுத்தும் வெயிலில் புல்லரிப்பும் குளிர் உணர்வும் வந்தால், உடல் தன் சூட்டைச் சமாளிக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். அந்த நிலையில் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடிப் பார்ப்பது வீரமாகாது.

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டும், ஓடும் கால்களுக்கும் போக வேண்டும் என்பதால், மார்கழியில் எளிதாக இருந்த அதே வேகத்துக்குச் சித்திரையில் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. உடலைக் குளிர்விப்பது உலர்கிற வியர்வைதான். சொட்டி வீணாகும் வியர்வையால் பயனில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், பனியன் நனைந்து ஒட்டுமே தவிர உடல் அவ்வளவாகக் குளிராது. ஆகவே கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை இந்த இரண்டு மாதங்களுக்கு மறந்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. உடல் வெயிலுக்குப் பழகும். ஆனால் அதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள், அன்றாடம் மெதுவாகவும் குறைந்த நேரமும் ஓட வேண்டும். அப்படிப் பழகிய உடலில் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அதில் வெளியேறும் உப்பின் அளவும் குறையும். வாரம் முழுவதும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறன்று மட்டும் வெயிலில் வதைபடுவதால் இந்தப் பழக்கம் வந்துவிடாது.

மூவரும் ஒருவர்க்கொருவர் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே உங்கள் வேகமாக இருக்கட்டும். பேச்சு துண்டுதுண்டாக உடைந்தால், உடைந்தவருக்காக மற்ற இருவரும் நடக்க வேண்டும். வேகமானவர் முன்னால் ஓடி இழுப்பதைவிட, மூத்தவருக்குப் பின்னால் ஓடி அவருடைய கால் தடுமாறுகிறதா என்று பார்ப்பதே இந்தப் பருவத்தில் நட்புக்கு அழகு. வேகத்தை அவர் வேறொரு நாளில் தனியாகத் தீர்த்துக்கொள்ளட்டும்.

பாதையையும் மாற்றுங்கள். அரை மராத்தானின் 21.1 கிலோமீட்டர் என்பது மதுரையிலிருந்து அழகர்கோவில் வரையிலான தொலைவுதான் என்பதால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் நடுவழியில் ஒருவர் சோர்ந்தால் வீடும் அருகில் இருக்காது, திருவிழா நாட்களில் அந்தச் சாலையில் நடக்கவே இடமும் இருக்காது. வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடினால் ஒரு சுற்று 1.2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். சலிப்பூட்டும்தான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர்ப் பாட்டிலையும் ஈரத்துண்டையும் வைத்த இடத்துக்கே வந்துவிடலாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, தாகத்துக்குக் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதனாலும் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது, எடை கூடியிருந்தால் மிகையாகக் குடித்திருக்கிறீர்கள். உப்புப் போட்ட மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். முட்டிவலிக்கென்று ஓடுவதற்கு முன் வலிநிவாரணி மாத்திரை போடும் வழக்கம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

ஒருவர் உளறினாலோ, நேராக ஓட முடியாமல் தள்ளாடினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். வியர்த்துக்கொண்டிருக்கிறாரே என்று அலட்சியம் செய்யக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாதிக்கப்பட்டவர் தனக்கு ஒன்றுமில்லை என்றே சாதிப்பார். எனவே மூவரில் ஒருவர் 'நிறுத்து' என்றால் மற்றவர்கள் விவாதிக்காமல் நிற்பது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மூத்தவர் அடுத்த நீண்ட ஓட்டத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுவதும் அவசியம்.

கேள்வி: ஓட்டத்துக்கு முன் ஜிகர்தண்டா குடித்தால் சூடு தணியுமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: பாலும் ஐஸ்கிரீமும் சர்க்கரையும் சேர்ந்த அதைக் குடித்துவிட்டு ஓடினால் வயிறுதான் கலங்கும். ஓடி முடித்து, மோரும் குடித்து, மூச்சு சீரான பிறகு சர்க்கரை நோய் இல்லாதவர்கள் தாராளமாகக் குடிக்கலாம்.