சுவரில் ஏறும் உண்ணி: நாயை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது லாப்ரடார் இருக்கிறது. சில மாதங்களாக உண்ணித் தொல்லை. நாய், பூனைச் சாமான்கள் விற்கும் கடையில் இரண்டு முறை ஊசி போட்டார்கள், பவுடரும் கொடுத்தார்கள். மூன்று வாரம் அடங்கியிருக்கும், மறுபடி வந்துவிடும். இப்போது சுவரிலும் திரைச்சீலையிலும் ஊர்கிறது. போன வாரம் குழந்தையின் மெத்தையிலேயே ஒன்று கிடந்தது. குடியிருப்புச் சங்கத்தில் நாயை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். குழந்தைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நாயை என் மாமியார் ஊருக்கு அனுப்பிவிடட்டுமா?
(வாசகி, மடிப்பாக்கம்)

பதில் (கால்நடை மருத்துவர்):

அனுப்பாதீர்கள். அனுப்பினால் மாமியார் வீட்டுக்கும் உண்ணி போய்ச் சேரும். உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவை அங்கேயே இருக்கும். கடிக்க நாய் இல்லாமல் பட்டினி கிடக்கும் உண்ணிதான் மனிதர்கள் மேல் ஏறும். இப்போதைக்கு உங்கள் குழந்தைக்குக் காவலே அந்த லாப்ரடார்தான்.

முதலில் காய்ச்சல் பயம். செய்திகளில் அடிக்கடி வரும் உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்வெளியிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது அது. உங்கள் சுவரில் ஊர்வது பழுப்பு நாய் உண்ணி. அதற்கு நாயின் ரத்தம்தான் பிரியம். மனிதர்களை எப்போதாவதுதான் கடிக்கும். இதுவும் சில காய்ச்சல்களைப் பரப்பக்கூடியது என்பதால், குழந்தைக்குக் காய்ச்சலோ உடம்பில் தடிப்போ வந்தால் வீட்டில் உண்ணி இருப்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

மூன்று வாரத்தில் ஏன் திரும்பி வருகிறது? இந்த உண்ணி நாயின் மேல் குடியிருப்பதில்லை, சாப்பிட மட்டும் வருகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு நாயைக் கடித்து ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். சுவர் இடுக்கில் போய் ஒளிந்து தோல் உரிக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடி நாயின் மேல் ஏறும், மறுபடி விழும். முழு வளர்ச்சி அடைந்தபின் மூன்றாவது முறை ஏறும். ஆமணக்கு விதை போல உப்பிக் கிடக்கிறதே, அது ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி. அது இறங்கி, சுவரில் ஏறி, ஏதாவது ஒரு வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சுற்று முழுவதும் இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும். வளர்ந்த உண்ணி ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீங்கள் இத்தனை நாளும் நாயின் மேல் இருந்ததைத்தான் விரட்டினீர்கள். சுவரில் இருந்த கூட்டத்தை யாரும் தொடவேயில்லை.

கடையில் போட்டது என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் ஐவர்மெக்டினாக இருக்கும். மாடுகளுக்கென்று வரும் பாட்டிலிலிருந்து எடுத்துப் போடுவார்கள். பழுப்பு உண்ணிக்கு அது சரியான மருந்தே இல்லை. கோலி (Collie) வகை நாய்கள் பலவற்றுக்கு அது மூளையைத் தாக்கி உயிரையே எடுத்துவிடலாம். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை தரலாம் என்று 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம் சொல்கிறது. செல்லப்பிராணிகளை விற்கும் கடைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2018-இல் தனி விதிகளே வந்தன. இருந்தும் பட்டை, கிண்ணம், பிஸ்கட் விற்கும் அதே மேசையில் ஊசியும் போடுகிறார்கள். கேட்க ஆள் இல்லை. புகார் கொடுத்தால் கால்நடைத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாநகராட்சி என்று காகிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் எத்தனையோ நாய்கள் வலிப்பு வந்து எங்களிடம் தூக்கி வரப்படுகின்றன. என்ன போட்டீர்கள் என்று நாங்கள் கேட்டால், "ஏதோ ஊசி டாக்டர்" என்பதுதான் பதில். கடைக்காரர் ஊசியை எடுத்தால் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் நாய்க்குத் தேவை மாத்திரை. ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர், சரோலனர் என்று சில இருக்கின்றன. முதலாவது ஏறக்குறைய மூன்று மாதம் வேலை செய்யும், மற்றவை மாதம் ஒரு முறை. எது என்பதை நாயை எடை போட்டுப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். வலிப்பு நோய் உள்ள நாயாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரிய நாயின் மாத்திரையை வெட்டி, "பாதி போதும், விலை குறைவு" என்று கொடுப்பதை வாங்காதீர்கள். பெட்டியும் காலாவதித் தேதியும் இல்லாமல் கிடைக்கும் துண்டு என்ன மருந்து என்று யாருக்குத் தெரியும்?

மாத்திரை கொடுத்த பிறகும் நாயின் மேல் உண்ணி தெரியும். பயப்படாதீர்கள். கடித்தால்தான் அது சாகும். சுவரில் இருப்பது ஒவ்வொன்றாக வந்து, கடித்து, சாக வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை ஒரு தவணைகூடத் தவறக்கூடாது. முதல் மாதத்திலேயே "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிட்டு மறுபடி அந்தக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே ஒரு விஷயம். உங்கள் வீட்டில் பூனை இருப்பதாக எழுதவில்லை. ஆனாலும் இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இருக்கும், மாடியில் சோறு வைக்கிற பூனையாவது இருக்கும். நாயின் கழுத்துக்குப் பின்னால் விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் அது பூனைக்கு விஷம். நாயின் உடம்பு அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும், பூனையின் உடம்பால் முடியாது. நேரடியாகப் போட வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து ஈரமாக இருக்கும்போது நாயோடு ஒட்டிப் படுத்தாலும் நாயை நக்கினாலும் போதும். சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். "கொஞ்சம் குறைவாகப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். குறைவாகப் போட்டும் பூனைகள் செத்திருக்கின்றன. தெரியாமல் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தாலும் வெதுவெதுப்பான நீராலும் கழுவி, துவட்டி, அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நடுக்கம் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மருந்து வந்த அட்டைப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். இந்த உண்ணி மேலே ஏறும் பழக்கம் உள்ளது. கதவு நிலை, திரைச்சீலையின் மடிப்பு, படச் சட்டத்தின் பின்புறம், சுவிட்ச் போர்டின் ஓரம், நாய் படுக்கும் மூலைக்கு மேலே உள்ள சுவர், இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சி மருந்து அடிக்க வருகிறவர்கள் தரையில் ஒரு சுற்று அடித்துவிட்டு, ஒரு வருட உத்தரவாதம் என்று அட்டை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். முட்டைக்கு அந்த மருந்து உறைக்காது. இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி அடிக்க வேண்டும், மேலே உள்ள இடுக்குகளிலும் அடிக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் மட்டும் பணம் கொடுங்கள். "மூலிகை மருந்து, வாசனையே வராது" என்பவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். மருந்து காயும்வரை குழந்தையும் நாயும் வெளியே இருக்கட்டும். அப்புறம் வெடிப்புகளைப் பட்டி பார்த்து அடைத்துவிடுங்கள். இந்தச் செலவு எல்லாவற்றிலும் இதுதான் உருப்படியானது. மண்ணெண்ணெயை நாயின் மேல் தடவாதீர்கள், தோல் வெந்துபோகும். பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். குழந்தையின் கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள்.

நாய்க்கு ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். இத்தனை மாதம் உண்ணி கடித்த நாய்க்கு எர்லிக்கியா, பபேசியா போன்ற, உண்ணி பரப்பும் ரத்தத் தொற்றுகள் வந்திருக்கலாம். சாப்பாடு குறைவது, காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, இதில் எது இருந்தாலும் அன்றே போங்கள். அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், பரிசோதனையை வெளியே எடுக்கச் சொல்லவும் கூடும். அங்கே இருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆளும் கருவியும் கொடுக்காமல் அவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். எர்லிக்கியா என்று வந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து நான்கு வாரம் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிடும். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

சங்கத்துக்கு நாயை வெளியேற்றச் சொல்லும் உரிமை கிடையாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே அப்படிச் சொல்கிறது. ஆனால் சட்டம் பேசுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அந்தக் கட்டடத்தில் வேறு யார் வீட்டில் நாய் இருக்கிறது? மாடிப்படி அடியில் தெரு நாய் படுக்கிறதா? அவற்றுக்கும் அதே வாரத்தில் மாத்திரை போக வேண்டும். சங்கம் கூடிப் பேச வேண்டியது அதைத்தான்.