யூவி (புற ஊதாக் கதிர்) கொடுத்தும் பாக்டீரியா காலனி குறையவில்லையா?

வெளிச்சம்தான் உங்க ஈ.கோலை பாக்டீரியாவைப் பிழைக்க வைக்குது. ஒரே 20 விநாடி யூவி வாங்கிய இரண்டு தட்டில், ஜன்னலோரம் இருந்ததில் மட்டும் காலனி அப்பிக் கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. பாளையங்கோட்டை மத்தியான வெளிச்சத்துக்கு அது நடக்கும்.

யூவி பட்டால் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்து தைமின்கள் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கும். போட்டோலையேஸ் நொதி நீல ஒளியை வாங்கி, இழையை வெட்டாமலே அந்த ஒட்டைப் பிரிச்சிடும். யூவி பட்ட நுண்ணுயிர் வெளிச்சத்தில் மீள்வது 1949-இல் ஆல்பர்ட் கெல்னர் என்ற ஆய்வாளர் எழுதிய விஷயம்; எனக்கு வியப்பு இன்னும் தீரலை.

யூவி கொடுத்த கையோடு ஒரு தட்டை அலுமினியத் தாளில் சுத்துங்க. இன்னொன்றை டியூப்லைட் அடியில் ஒரு மணி நேரம் விடுங்க. நேர் வெயில் வேண்டாம், சூடே கொன்னுடும். அப்புறம் இரண்டையும் இருட்டில் வளர்த்து எண்ணுங்க.

இருட்டிலும் கொஞ்சம் பிழைக்கும்: சேதத் துண்டை வெட்டி நிரப்பும் வழி தனியா உண்டு. காமா கதிர் உடைச்ச இழைக்கு போட்டோலையேஸ் உதவாது.