வாசகர் கேள்விகள்: நூறு முறை பறந்த செஷயர்

கேள்வி (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை): பிரிட்டனின் மிக உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் ஒரே ஒரு வீரச் செயலுக்குத் தருவது என்று படித்தேன். இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானி லியோனார்ட் செஷயருக்கு எதற்காகத் தந்தார்கள்?

பதில்: எந்த ஒரு நாளுக்காகவும் இல்லை. 1940 முதல் 1944 வரை நான்கு சுற்றுப் போர்ப்பணி, மொத்தம் 100 தாக்குதல்கள். அத்தனை காலமும் குறையாத துணிவுக்காக 1944 செப்டம்பரில் அறிவித்தார்கள். அந்தப் பதக்க வரலாற்றில் இது அபூர்வம். முதல் சுற்றுக்குப் பொதுவாக 30 தாக்குதல். அதையே முடிக்காமல் மடிந்தவர்கள் ஏராளம். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள்.

ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தபோதே பறக்கக் கற்றவர் அவர். 1940 நவம்பரில், கொலோன் நகரின் மேல் அவருடைய விட்லி விமானத்தைப் பீரங்கிக் குண்டு தாக்கியது. உள்ளே இருந்த ஒளிக்குண்டு வெடித்து, பக்கவாட்டுத் தகடு பிய்ந்துபோனது. அதை ஊர் கொண்டுவந்து சேர்த்ததற்குத்தான் முதல் டி.எஸ்.ஓ. என்ற வீர விருது. பிறகு இன்னும் இரண்டு முறை அதே விருது கிடைத்தது.

கேள்வி (ஓய்வுபெற்ற மெக்கானிக், தென்காசி): ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தில் வால் கோளாறு என்கிறார்களே, என்ன அது?

பதில்: தொடக்க கால ஹாலிஃபாக்ஸின் வால் துடுப்புகள் முக்கோண வடிவம். ஒரு பக்க இன்ஜின் நின்றால் விமானம் அந்தப் பக்கம் இழுக்கும்; விமானி எதிர்ப்பக்கச் சுக்கானை அழுத்துவார். வேகம் குறைவாக இருந்தால் சுக்கான் கடைசிவரை போய் அங்கேயே பூட்டிக்கொள்ளும். காலால் எவ்வளவு உதைத்தாலும் திரும்பாது, விமானம் சுழன்று விழும். துடுப்பைப் பெரிதாக்கிச் செவ்வகமாக மாற்றிய பிறகே இது தீர்ந்தது. 1942இல் ஹாலிஃபாக்ஸ் ஓட்டிய 76ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) செஷயர் பொறுப்பில் இருந்தது. எடையையும் காற்றுத் தடையையும் குறைக்க, மூக்கிலிருந்த துப்பாக்கிக் கூண்டு போன்றவற்றைக் கழற்றச் செய்தார். ஆயுதத்தைக் குறைத்து உயிரைக் காப்பது துணிச்சலான கணக்கு. எனக்குச் சரியான கணக்காகவே படுகிறது.

கேள்வி (ஆசிரியை, அம்பாசமுத்திரம்): தாழப் பறந்து இலக்கைக் குறிப்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

பதில்: அவருடைய உண்மையான சாதனை இதுதான். முன்னால் போகிறவர் தீக்குண்டு போட்டு இலக்கைக் குறிப்பார்; பின்னால் வருகிறவர்கள் அந்த வெளிச்சத்தின் மேல் குண்டு போடுவார்கள். 5,500 மீட்டர் என்பது நம் பொதிகையைப் போல மூன்று மடங்கு உயரம். அங்கிருந்து போடும் குண்டு தரைக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். காற்றின் வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டர் தப்பாகக் கணித்தாலே 90 மீட்டர் போல விலகிவிடும். தொழிற்சாலைக்கு வைத்த குறி குடியிருப்பில் விழுந்தால், பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் குடியிருப்பைத்தான் தகர்ப்பார்கள்.

1943இல், 25 வயதிலேயே குரூப் கேப்டன் என்ற உயர் பதவிக்கு வந்தவர், மீண்டும் பறப்பதற்காகத் தாமே பதவியில் ஒரு படி இறங்கி 617ஆம் ஸ்குவாட்ரனை ஏற்றார். 1944 பிப்ரவரியில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் லிமோஜ் நகரில் விமான இன்ஜின் தொழிற்சாலை இலக்கு. உள்ளே பிரெஞ்சுப் பெண்கள் இரவு வேலையில். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் கூரையை உரசுவதுபோல மூன்று முறை பறந்து எச்சரித்து, அவர்கள் வெளியேற நேரம் கொடுத்த பிறகே அடையாளத் தீக்குண்டுகளைப் போட்டார். மற்ற விமானங்கள் மேலிருந்து அந்த வெளிச்சத்தைக் குறிவைத்தன.

ஆனால் லங்காஸ்டர் கனமானது. பாய்ந்து இறங்கினால் சட்டென்று மேலேற்ற முடியாது. அதனால் மரத்தாலான மாஸ்கிட்டோ என்ற இலகு விமானத்துக்கு மாறினார், ஜூனில் ஒற்றை இருக்கை மஸ்டாங் போர்விமானத்துக்கு. மஸ்டாங் வந்த அன்றே அதில் பிரான்சில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டுத் தளமான சிராகூருக்குப் பறந்து குறி போட்டார். அந்த வகை விமானத்தை அவர் முதன்முதலாகத் தரையிறக்கியதே அன்றிரவு இருட்டில்தான்.

கேள்வி (வாசகர், வள்ளியூர்): செஷயர் ஹோம் இவர் பெயரில்தானா?

பதில்: ஆம், மாற்றுத்திறனாளிகளுக்கும் நோயாளிகளுக்குமான அந்த இல்லங்கள் இவர் பெயரில்தான். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி குண்டுவெடிப்பை பிரிட்டனின் பார்வையாளராக விமானத்திலிருந்து பார்த்தார். 1948இல் புற்றுநோயால் சாகக் கிடந்த, போக்கிடம் இல்லாத ஒருவரைத் தம் வீட்டில் வைத்துத் தாமே பணிவிடை செய்தார். முதல் இல்லம் அப்படித் தொடங்கியது. இந்தியாவில் 1950களில் மும்பையில் ஆரம்பித்தார்கள். டேராடூனின் ராஃபேல் இல்லம் 1959இல், மனைவி சூ ரைடருடன் சேர்ந்து தொடங்கியது. 1992இல் காலமானார்.