கிளாஸ் முடிஞ்சிருச்சு, ஆனா லீவு விடல தம்பி

கேள்வி: அக்கா, இங்கிலாந்து லெஸ்டர்ல ஸ்டூடன்ட் விசால ஒரு வருஷ மாஸ்டர்ஸ் படிக்கிறேன், வேர்ஹவுஸ்ல வாரம் 20 மணி நேரம் வேலை. மே மாசத்தோட கிளாஸ் முடிஞ்சு இப்ப டிசர்டேஷன், அதான் கடைசி ஆய்வுக் கட்டுரை, மட்டும்தான். இனிமே ஃபுல் டைம் போகலாம்னு ரூம் பசங்க சொல்றாங்க. தெரிஞ்ச ஒருத்தர் டெலிவரி ஆப் அக்கவுன்ட்ட வார வாடகைக்குத் தரேங்கிறார். போகலாமா?
(பெயர் வேண்டாம், லெஸ்டர்)

பதில்: ரெண்டுமே வேண்டாம் தம்பி. டிசர்டேஷன் எழுதுற கோடைக்காலம் மாஸ்டர்ஸ் பசங்களுக்குப் பெரும்பாலும் டெர்ம் டைம், அதாவது படிப்பு நடக்குற காலக் கணக்குதான், அப்ப ஸ்டூடன்ட் விசால வாரம் 20 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்கக் கூடாது. டிகிரி பசங்களுக்கு அந்த மூணு மாசம் லீவு, அதனால அவங்க ஃபுல் டைம் போவாங்க, அதப் பாத்துட்டுதான் நம்ம பசங்க ஏமாந்து போறாங்க. உங்க கோர்ஸுக்கு எது லீவுன்னு இன்டர்நேஷனல் ஆபீஸ்ல மெயில் போட்டுக் கேட்டு அந்த பதில பத்திரமா வச்சுக்கங்க.

20 மணி நேரத்துலயும் ஒரு விஷயம் இருக்கு, வாரம்னா திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும். இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16, சராசரி 20தானேன்னு சொன்னா எடுபடாது, அந்த 24 தப்பு தப்புதான். என்கூட ரூம்ல இருந்த பொண்ணு இப்படித்தான் மாட்ட இருந்துச்சு, ஞாயிறு ராத்திரி 10 மணிக்கு ஷிஃப்ட் ஏறி திங்கள் காலைல 6 மணிக்கு இறங்கும். அதுல 2 மணி நேரம் பழைய வாரத்துல விழும், 6 மணி நேரம் புது வாரத்துல விழும். சூப்பர்வைசர் ஷிஃப்ட் அட்டவணைல மொத்தமா 8னு ஒரே கட்டத்துல போட்டிருப்பார். அப்புறம் அந்தப் பொண்ணு ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி தெனம் பேனாவால கூட்டிக்கிட்டே இருந்துச்சு. நீங்களும் அப்படி எழுதி வைங்க. ரெண்டு எடத்துல வேலை பாத்தா ரெண்டும் சேர்த்துதான் 20, யுனிவர்சிட்டி லைப்ரரில பாக்குற வேலையும் அதுக்குள்ளதான் வரும்.

டெலிவரி அக்கவுன்ட் விஷயத்த நெனச்சாலே எனக்கு பதறுது. ஸ்டூடன்ட் விசால சுயதொழில் கூடவே கூடாது, டெலிவரி ஆப் வேலை பெரும்பாலும் அந்தக் கணக்குலதான் வரும், உங்க பேர்லயே அக்கவுன்ட் எடுத்தாலும் தப்பு. இதுல அடுத்தவர் பேர்ல ஓட்டினா காசு அவர் பேங்க்குக்குப் போகும், அவரா பாத்துக் குடுத்தாத்தான் உங்களுக்கு. நாளைக்கு மழைல சறுக்கி கால் உடைஞ்சா நீங்க அங்க வேலை பாத்ததுக்கே ஒரு தடயம் இருக்காது. புடிச்சா விசா ரத்து, அதுமட்டுமில்ல, அது அங்க கிரிமினல் குத்தம், சம்பாதிச்ச காசையும் பறிமுதல் பண்ணலாம். ஒரு வருஷம் கஷ்டப்பட்டுப் படிச்சிட்டு கடைசி மூணு மாசத்துல, படிப்பு முடிச்சு அங்கேயே வேலை பாக்க விடுற கிராஜுவேட் விசா வாய்ப்பையும் சேத்து தொலைச்சிடாதீங்க.

கேள்வி: பையனுக்கு இங்கிலாந்துல சீட் கிடைச்சிருக்கு. முதல் தவணை ஃபீஸ் மட்டும் கட்டுங்க, மிச்சத்த பார்ட் டைம் பாத்தே கட்டிடுவான்னு ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?
(ஒரு அப்பா, நாமக்கல்)

பதில்: நம்பாதீங்க ஐயா. ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுப் பாருங்க. 2026 ஏப்ரல்ல இருந்து 21 வயசு ஆனவங்களுக்குக் குறைந்தபட்ச கூலி மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 20 மணி நேரமும் முழுசா கிடைச்சாக்கூட 254 பவுண்டு, மாசத்துக்கு சுமார் 1,100. ஆனா லண்டனுக்கு வெளிய தங்கிப் படிக்க மாசம் 1,171 பவுண்டு செலவாகும்னு 9 மாசத்துக்குக் காட்டச் சொல்லி அந்த ஊர் அரசாங்கமே விசாவுக்குக் கேக்குது. அதாவது முழு சம்பளமும் வீட்டு வாடகை சாப்பாட்டுக்கே பத்தாது, ஃபீஸுக்கு எங்க போறது? அதுவும் நிறைய எடத்துல ஜீரோ அவர் கான்ட்ராக்ட்தான், ஒரு வாரம் 20 மணி நேரம் குடுப்பாங்க, அடுத்த வாரம் 6தான் குடுப்பாங்க. ஃபீஸ் கட்டலன்னு யுனிவர்சிட்டி பேர எடுத்துட்டா விசாவும் அதோட போச்சு, அந்த பயத்துலதான் பசங்க 40 மணி நேரம் ஓட ஆரம்பிக்கிறாங்க.

போன உடனே வேலையும் கிடைக்காது. முதல் மூணு மாசச் செலவு கைல இருக்கணும், ரெண்டாவது தவணைக்கு பேங்க் லோன் சாங்ஷன் லெட்டர் வந்திருக்கணும், அதுக்கப்புறம் டிக்கெட் போடுங்க.